ஜவ்வாது மலையில் ஒரு வீடு... எத்தனை வருஷ சம்பளம்?

பீமன் அருவியில் குளிச்சு முடிச்சு, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் டீ குடிக்கும்போது கூட வந்தவர்களில் யாராவது ஒருத்தர் நிச்சயம் கேட்பார்: ``இங்க இடம் என்ன விலை போகுது? சின்னதா ஒரு வீடு கட்டிப் போட்டா நல்லாருக்கும்ல?'' நீங்களேகூட கேட்டிருக்கலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால், வேலூரிலோ சென்னையிலோ கிடைப்பது போன்ற பதில் இங்கே கிடைக்காது. ஏன் என்று பார்க்கும் முன், வீட்டு விலை நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்துடலாம்.

கணக்கு ரொம்ப சுலபம். வீட்டின் விலையை, அந்தக் குடும்பத்தின் ஓர் ஆண்டு வருமானத்தால் வகுக்கணும். விடை 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் வாங்கலாம். 5-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். உலக நகரங்களை இப்படி வரிசைப்படுத்தும் `டெமோகிராஃபியா' அறிக்கையில், 2024-ல் ஹாங்காங்குக்கு வந்த எண் 16.7. சாப்பிடாமல், துணி வாங்காமல் 16 வருஷத்துக்கு மேல் சேர்த்தால் ஒரு ஃப்ளாட்!

நம்ம ஊரில் ரிசர்வ் வங்கி இதை மாதச் சம்பளத்தில் அளந்தது. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில், 2015 மார்ச்சில் 56.1 மாத வருமானமாக இருந்த வீட்டு விலை, 2019 மார்ச்சில் 61.5 மாத வருமானமாக ஏறியது. அதாவது, அஞ்சு வருஷ சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே. இதில் ஒரு சங்கதியைக் கவனிங்க. இந்த எண் வந்தது வீட்டுக் கடன் விவரங்களிலிருந்து. கடன் கிடைக்காதவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஜவ்வாது மலையின் கதை அங்கிருந்துதான் தொடங்குது.

விற்க முடியாத நிலம்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவை நினைச்சுக்காதீங்க, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். இவர்கள் வீட்டை `வாங்குவதில்லை', கட்டிக்கொள்கிறார்கள். மண் சுவர், புல் கூரை என்று சொந்த பந்தம் சேர்ந்து எழுப்பிய காலத்தில், வீட்டுக்கு விலை என்ற பேச்சே பெரிதாக இல்லை. செலவு என்பது உடல் உழைப்பும், வேலை செய்தவர்களுக்குப் போடும் சாப்பாடும்தான்.

நிலமும் சந்தைச் சரக்கு இல்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழும் பழங்குடிக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் விற்க முடியாது, கைமாற்ற முடியாது. அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால், அந்தப் பட்டாவிலும் நிபந்தனைகள் இருக்கும். ஆக, டீக்கடையில் யாராவது ``சல்லிசா முடிச்சுத் தர்றேன் சார்'' என்று சொன்னால், நிலம் எந்த வகை என்று பார்க்காமல் அட்வான்ஸைக் கொடுத்துடாதீங்க.

விற்க முடியாது என்ற விதி நல்லதுதான் என்பது என் கட்சி. அது மட்டும் இல்லாவிட்டால் ரிசார்ட்காரர்கள் எப்போதோ மலையை வளைச்சுப் போட்டிருப்பார்கள். ஆனால் அதே விதிக்கு இன்னொரு முகம் இருக்கு. விற்க முடியாத நிலத்தை அடமானமாக எந்த வங்கி ஏற்கும்? சமவெளியில் இருப்பவர் 20 வருஷத் தவணையில் வீடு கட்டுகிறார். மலையில் இருப்பவர் கையில் இருக்கும் ரொக்கத்தில் கட்டணும்.

ரொக்கம் எங்கே?

நபார்டு வங்கியின் கணக்கெடுப்புப்படி, 2021-22-ல் இந்தியக் கிராமக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 12,698 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 1.52 லட்சம். குடிசையில் இருப்பவர்களுக்காக 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த `கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. இரண்டையும் வகுத்தால் 2.3. `அட, மூணுக்குக் கீழே வந்துடுச்சே' என்று தோணும்.

இங்கேதான் சூத்திரம் ஏமாத்துது. நாட்டுச் சராசரி மலைக்குப் பொருந்தாது. இங்கே வருமானத்தில் ஒரு பகுதி சாமையாக வீட்டுக் குதிருக்குள்ளேயே போய்விடும். புளி, பலா, தேன், கடுக்காய் எல்லாம் அந்தந்தப் பருவத்தில் மட்டும் காசாகும். கைக்கு வரும் ரொக்கம் என்று 100 நாள் வேலையை மட்டும் வைத்துப் பாருங்க. 2025-26-ல் தமிழகத்துக்கு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால்கூட ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். அதே 3.5 லட்சம் வீடு இப்போது பத்து வருஷத்துக்கும் மேலான வருமானம் ஆகிடுது. 2.3 எங்கே, 10.4 எங்கே!

அதனால்தான் கேரளா, கர்நாடக எஸ்டேட்டுகளுக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் இறந்த 20 தமிழகத் தொழிலாளர்களில், இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

`அரசுதான் பணம் கொடுக்குதே' என்று கேட்கலாம். கொடுக்குது, ஆனால் வேலை நடக்க நடக்கத் தவணையாக. அஸ்திவாரத்துக்கான முதல் செலவு வீட்டுக்காரருடையது. நகை இருந்தால் அடகு வைக்கலாம், மகளிர் குழுவில் கேட்கலாம், பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவு சங்கத்தை நாடலாம். அதுவும் இல்லையென்றால் வட்டிக்காரர்தான். மணல், ஜல்லி, சிமென்ட், கம்பி எல்லாம் போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரணும். நல்ல சாலை எட்டாத குக்கிராமம் என்றால், லாரி நின்ற இடத்திலிருந்து தலைச்சுமைதான். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம். மலை ஏறுவதற்கான கூடுதல் தொகை வெறும் பத்தாயிரம்!

இத்தனைக்கும் முதல் படி, பெயரில் ஒரு காகிதம் இருப்பது. பட்டா இல்லாதவருக்கு அரசு வீடு எட்டாது. வன உரிமைச் சட்டம் நாட்டில் 2008-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழகத்திலோ நீதிமன்றத் தடையால் உரிமை ஆவணம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. விண்ணப்பம் கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழு வழியாக, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகணும். கிடைக்கும் ஆவணத்தில் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரும் இருக்கணும் என்று சட்டமே சொல்லுது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்குன்னு ஒருமுறை எடுத்துப் பாருங்க.