லக்பா ரி: சிகரம் தொடாத ஒரு பயணம்

மலையேற்றத்தின் வரலாறு பெரும்பாலும் சிகரம் தொட்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொடாமல் திரும்பியவர்களுக்கு அதில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது. அவ்வாறு திரும்பிய ஒரு பயணத்தைப் பற்றி நண்பர்களோடு சிறிது பகிர்ந்துகொள்ள விழைகிறோம். 2004ஆம் ஆண்டில், எவரெஸ்டின் வடபுறத்தில், திபெத்தைச் சேர்ந்த பார்வையற்ற பதின்பருவத்தினர் அறுவர் மேற்கொண்ட பயணம் அது. அவர்கள் நோக்கிச் சென்ற லக்பா ரி 7,045 மீட்டர் உயரமுடையது.

இக்கதையின் வேர் திபெத்தில் இல்லை, ஜெர்மனியில் இருக்கிறது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த இளைஞர்கள் தம் கல்வியைத் தொடர்வதற்கென 1916இல் மார்பர்க் நகரில் ஒரு நிறுவனம் தோன்றியது. பிற்காலத்தில் அங்கே பாடங்களோடு குதிரையேற்றம், பனிச்சறுக்கு, ஆற்றில் படகு செலுத்துதல் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. பன்னிரண்டு வயதளவில் பார்வையை முற்றிலும் இழந்த சாப்ரியே டென்பெர்கென் அங்கே பயின்றவர். பின்னர் பான் பல்கலைக்கழகத்தில் திபெத்தியவியல் படித்தபோது, 1992இல் திபெத்திய மொழிக்கெனப் பிரெய்ல் எழுத்துமுறை ஒன்றை உருவாக்கினார். 1997இல் தன்னந்தனியே திபெத்துக்குச் சென்று, குதிரை மீதேறி ஊர் ஊராகப் பயணம் செய்து, பார்வையற்ற குழந்தைகளைத் தேடினார். மறு ஆண்டே நெதர்லாந்தைச் சேர்ந்த பால் குரோனென்பெர்குடன் இணைந்து லாசா நகரில் அவர்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பள்ளியில் கற்ற குதிரையேற்றம், ஆண்டுகள் சில கழிந்தபின், வேறொரு நாட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியைக் கொண்டு சேர்த்தது!

அக்குழந்தைகளின் நிலை எளிதாக இருக்கவில்லை. பார்வையின்மை முற்பிறவித் தீவினையின் பயன் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருந்தது. கட்டிலில் கட்டி வைக்கப்பட்ட குழந்தைகளையும் தாம் கண்டதாக டென்பெர்கென் பதிவு செய்திருக்கிறார். ஊழ்வினை என்ற சொல்லை நன்கறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2001 மே 25 அன்று அமெரிக்கரான எரிக் வைஹன்மேயர் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அச்சிகரம் தொட்ட முதல் பார்வையற்றவர் அவரே. முன்னே செல்பவர் ஒலிக்கும் மணியோசையைப் பின்பற்றியும், இரு கைகளிலும் ஏந்திய கோல்களால் தரையைத் துழாவியும் அவர் மலையேறுவார். இச்செய்தியறிந்த டென்பெர்கென் அவருக்குக் கடிதம் எழுதி, லாசா பள்ளிக்கு வருமாறு அழைத்தார். அந்தக் கடிதத்தின் விளைவே 2004ஆம் ஆண்டுப் பயணம்.

உயரம் கூடக்கூடச் சிலருக்குத் தலைவலியும் சோர்வும் மிகுந்தன. அப்போது ஒரு வினா எழுந்தது. ஏறும் வலுவுள்ளவர்களை மட்டும் மேலே அழைத்துச் செல்வதா? அல்லது அறுவரும் ஒன்றாகவே இருப்பதா? மலையேற்றக் குழுவினர் தரப்பிலும் நியாயம் இருந்தது. பார்வையற்றவர் என்பதற்காக இலக்கைக் குறைத்துக் கொடுப்பது இரக்கமேயன்றி மதிப்பு ஆகாது. அரிதாக எட்டிய ஓர் உயரம் வாழ்நாள் முழுதும் துணைநிற்கும். டென்பெர்கெனோ, சிகரம் என்பது பிறர் வகுத்த அளவுகோல் என்று கருதினார். ஒன்றாக நடப்பதும், தொட்டும் கேட்டும் மலையை அறிவதுமே அவருக்குப் பெரிதாகத் தோன்றின. இறுதியில் ஏறத்தாழ 6,500 மீட்டர் உயரத்தோடு பயணம் முடிவுக்கு வந்தது. லூசி வாக்கர் இயக்கி 2006இல் வெளிவந்த 'பிளைண்ட்சைட்' என்னும் ஆவணப்படம் இக்கருத்து மோதலை மறைக்காமல் காட்டுகிறது.

இந்த விவாதத்தின் இரு முனைகளிலும் பார்வையற்றவர்களே நின்றார்கள் என்பது நம் கவனத்துக்குரியது. மாற்றுத்திறனுடைய இளைஞர்கள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை உடற்குறையற்றவர்கள் முடிவு செய்வதே உலக வழக்கமாக இருந்து வந்தது. லக்பா ரியின் அடிவாரத்தில் அவ்வழக்கம் ஒருமுறை முறிந்தது. ஆனால் அங்கும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இரு தரப்புப் பெரியவர்களும் அந்த அறுவரின் நலனையே பேசினார்கள். மலையிடம் தாங்கள் நாடியது எது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த அறுவரல்லவா?

இதை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற தயக்கமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குறிஞ்சித் திணையை நேரில் காட்டுவதற்காக முதுகலை மாணவர்களை மலைப்பகுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தார். பாதை கரடுமுரடானது, அவருக்குச் சிரமம் என்று நாமே முடிவு செய்து விடுதியிலேயே விட்டுவிட்டுச் சென்றோம். அதை அக்கறை என்றே எண்ணினோம். திரும்பி வந்தபின் அவர் கேட்டார்: "ஐயா, அருவியை நெருங்கும்போது காற்று மாறுமா? சத்தம் முதலில் வருமா, குளிர்ச்சி முதலில் வருமா?" நம்மிடம் விடை இல்லை. நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது மரத்தோடும் பறவையோடும் பறையையும் யாழையும் சேர்த்தே வைத்தார். ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்தியும், நிலம் செவிக்கும் உரியது என்பது நமக்கு உறைக்கவில்லை.

டென்பெர்கெனும் குரோனென்பெர்கும் 2009இல் திருவனந்தபுரத்தில், சமூக மாற்றத்துக்கு உழைக்க விரும்புவோருக்கான பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். சிறிதாயினும் காரம் மிகுந்த காந்தாரி மிளகாயின் பெயரையே அதற்குச் சூட்டினர். நம் அண்டையில் இருந்த அந்த முயற்சியைக்கூட நாம் காலந்தாழ்ந்தே அறிந்தோம்.

அந்த மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். இப்போது பயணத்துக்கான பெயர்ப் பட்டியல் எழுதும்முன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம்: "எவ்வளவு தூரம் வர விரும்புகிறீர்கள்?" அவரிடம் இதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.