புள்ளி வளையத்துள் ஒரு கப்பல்

வரைபடக் குறியீடுகளைப் படிப்பிக்கும்போது, "இதையெல்லாம் ஏன் சேர் பாடமாக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அப்போது நான் டோவர் நீரிணையின் கதையைச் சொல்வேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அக்கடலில், 1971 ஜனவரி 11ஆம் திகதி, 'டெக்சாக்கோ கரிபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி, வெடித்து மூழ்கியது. மறுநாள் 'பிரண்டன்பேர்க்' என்ற ஜேர்மன் கப்பல் அந்தச் சிதைவில் மோதித் தாழ்ந்தது. அதன்பின் அவ்விடத்தில் வெளிச்சக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தப்பட்டன. பெப்ரவரி 27இல் 'நிக்கி' என்ற கிரேக்கக் கப்பல் அங்கேயே வந்து மோதியது. அதிலிருந்த எவரும் மிஞ்சவில்லை. மொத்தம் 51 உயிர்கள்.

அடையாளம் இல்லாமலா? இருந்தது. ஆனால் அன்று உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கிலிருந்தன. ஒரே நிறம் துறைக்குத் துறை வேறு பொருள் சொன்னது. இந்த மரணங்களுக்குப் பிறகுதான் நாடுகள் அவசரப்பட்டன. 1980இல் டோக்கியோவில் பொது முறையொன்று ஏற்கப்பட்டது. அதுவும் முழு ஒற்றுமையல்ல: நம் துறைமுகத்துள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்பக்கம்; அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வலப்பக்கம்!

கடல் வரைபடத்துக்கும் இதே வரலாறுதான். குறியீடுகளை ஒருமைப்படுத்தும் சர்வதேசப் பணியகம் 1921இலேயே மொனாக்கோவில் அமைந்தது. புள்ளி வளையத்துள் ஒரு கிடைக்கோடு, அதைக் குறுக்கே வெட்டும் மூன்று சிறுகோடுகள்: ஆபத்தான கப்பற் சிதைவு. மொழி தெரியாத மாலுமிக்கும் அது புரியும். ஆழத்தைக் காட்டும் இலக்கம் அப்படியல்ல. நம் மீனவர் இன்றும் சொல்லும் 'பாகம்' ஆறடி. பிரித்தானிய வரைபடங்கள் பாகத்திலிருந்து மீற்றருக்கு மாறிய காலத்தில், பழைய தாளில் '5' என்றால் ஒன்பது மீற்றர். புதிய தாளில் ஐந்தே மீற்றர். தாளின் நிறத்தையும் மாற்றினார்கள்: பழையதில் நிலம் சாம்பல், புதியதில் மங்கிய மஞ்சள். எனக்கு இந்த முன்யோசனை மிகவும் பிடிக்கும்.

2012 முதல் 2018 வரை பெரிய கப்பல்களில் மின்னணு வரைபடம் படிப்படியாகக் கட்டாயமானது. 2013 செப்டெம்பர் 18 அதிகாலை, அதே டோவர் நீரிணையில், 'ஓவிட்' என்ற தாங்கிக் கப்பல் 'வார்ன்' மணல்மேட்டில் ஏறி நின்றது. திரையில் போட்ட பாதையே மேட்டின் மீதுதான் சென்றது. எச்சரிக்கை ஒலி வேலை செய்யவில்லை. மேட்டைச் சுற்றி நின்ற மிதவைகளின் விளக்குகளைக் காவலுக்கு நின்றவர் கண்டிருக்கிறார். அதிகாரியிடம் சொல்லவில்லை.