10.49 விநாடியும் ஒரு பிணக்கூறாய்வும்

ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஊக்கமருந்து எடுத்தாரா? அவர் இறந்து கால் நூற்றாண்டு கடந்தும் இந்தக் கேள்வி ஓயவில்லை. கறுப்பினப் பெண் மீதான அவதூறு என்று சொல்லி நாம் கதவைச் சாத்திவிடக் கூடாது, தோழர்களே. சான்று எங்கே என்று கேட்காமல் தலையாட்டவும் கூடாது.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. வங்கியில் வேலை பார்த்தபடி ஓடியவர். 1987 வரை 100 மீட்டரில் அவருடைய சிறந்த நேரம் 10.96 விநாடி. 1988 ஜூலை 16 அன்று இண்டியானாபொலிஸில் 10.49! அடுத்து சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

சந்தேகிப்பவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே ஆண்டில் அத்தனை முன்னேற்றம். முன்னறிவிப்பில்லாத சோதனைகள் வரவிருந்த 1989 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். சக ஓட்டக்காரர் டாரெல் ராபின்சன், அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் விற்றதாகச் சொன்னார், அவர் மறுத்தார். எந்தச் சோதனையிலும் அவர் சிக்கியதில்லை.

எனக்கு வலுவாகப் படுவது காற்று. அந்த ஓட்டத்தில் காற்றுமானி பூஜ்யம் காட்டியது. பக்கத்தில் மும்முறைத் தாண்டல் நடந்த இடத்திலோ விநாடிக்கு 4.3 மீட்டர், சாதனைக்கு அனுமதி 2 மீட்டர்தான். இது கருவியின் மீதான கேள்வி. ஆனால் அவருடைய தசையையும் குரலையும் பற்றித்தான் ஊர் பேசியது.

இந்தப் பேச்சு நம் கோவை, ஈரோட்டு மாணவர்களுக்குப் புதிதல்ல. சேரிப் பெண் முதல் மதிப்பெண் வாங்கினால், "அதெப்படிங்க அந்தப் புள்ளைக்கு இத்தனை மார்க்கு?" என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளர் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். மருந்துக் குற்றச்சாட்டே இல்லை. பாலினச் சோதனை என்று சொல்லி உடம்பையே குற்றவாளியாக்கிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதே தோஹாவில் 2019இல் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவின் வழக்கு வேறு. மாதிரியில் நான்ட்ரோலோன் இருந்ததாக அறிக்கை வந்தது. நான்காண்டுத் தடை விதித்தார்கள். அவரும் மறுத்தார். ஆனால் எதிர்த்து வாதாட அங்கே ஓர் ஆய்வறிக்கை இருந்தது.

ஜாய்னர் 1998 செப்டம்பர் 21 அன்று, 38 வயதில், தூக்கத்தில் இறந்தார். மருந்துதான் கொன்றது என்று உடனே கிளம்பினார்கள். பிணக்கூறாய்வு சொன்னது வேறு: மூளையில் பிறவியிலேயே இருந்த இரத்தநாளக் கோளாறு, வலிப்பு, மூச்சுத்திணறல். ஸ்டீராய்டு சோதனைக்குப் போதிய சிறுநீர் உடலில் இல்லை. ஆகவே அந்த அறிக்கை அவரைக் குற்றவாளியாக்கவில்லை, மருந்துக் கேள்வியை முடித்துவைக்கவும் இல்லை.

புள்ளிவிவரத் தொகுப்பாளர்கள் 10.49ஐ நீக்கவில்லை, பலத்த காற்று உதவியிருக்கக்கூடும் என்ற குறிப்போடு வைத்திருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் அரசே வீரர்களுக்கு மருந்து கொடுத்தது ஆவணங்களோடு அம்பலமான பிறகும், அந்நாட்டின் மரீட்டா கோக் 1985இல் 400 மீட்டரில் ஓடிய 47.60 உலக சாதனையாகவே நிற்கிறது.