குன்னூர் ஆய்வுக்கூடமும் கரிசல் நிலத்துப் பிள்ளைகளும்

விருதுநகர் மாவட்டம் இருவேறு புகழுக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பெயர் பெற்றது; அவ்வினிப்பு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்றது. மழையை நம்பி வாழ முடியாத கரிசல் நிலத்திலிருந்து 1922-இல் கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாறு பலரும் அறிந்ததே. பால் வளமும் தொழில் வளமும் இவ்வளவு அருகருகே அமைந்த இம்மாவட்டத்தில், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளையின் உணவில் பாலுக்குக் கிடைத்த இடம் என்ன? இவ்வினாவுக்கு விடை காண, நாம் முதலில் நீலகிரிக்குச் செல்ல வேண்டும்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுக் குறைபாட்டு நோய்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. எலிகளிடம் கண்டதை மனிதரிடம் சோதித்தறியும் பணி, 1935-இல் அவருக்குப்பின் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான அய்க்ராய்டுக்கு வந்து சேர்ந்தது. அவரும் பி.ஜி. கிருஷ்ணனும் விடுதிகளில் தங்கிப் பயின்ற சிறுவர்களின் அன்றாட உணவோடு கொழுப்பு நீக்கிய பால் மாவைக் கரைத்துக் கொடுத்தனர். பால் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்தனர். 1937-இல் இந்த முடிவுகள் வெளியாயின. அரிசி உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதும், சிறிதளவு பாலே அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்யும் என்பதும் இவ்வாறு நம் நாட்டுப் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்ட உண்மைகளாயின.

அக்காலத்தில் பிற நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் நிகழ்ந்தன. 1930-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நான்கு மாதங்கள் ஒரு பெருஞ்சோதனை நடத்தினர். பாதிப் பிள்ளைகளுக்கு நாளும் முக்கால் பைன்ட் பால் வழங்கப்பட்டது. ஆனால் மறு ஆண்டே 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் எழுதிய கோசெட் என்ற புள்ளியியல் அறிஞர், அச்சோதனையின் குறையை எடுத்துக்காட்டினார். குழுக்களைச் சமன்செய்யும் உரிமை ஆசிரியர்களிடம் விடப்பட்டிருந்தது. மெலிந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் பெறும் குழுவில் அவர்கள் தம்மை அறியாமலே சேர்த்திருக்கக்கூடும். பால் பெறாத குழுவினர் தொடக்கத்திலேயே உயரமாகவும் கனமாகவும் இருந்தது இதற்குச் சான்றாயிற்று. ஆசிரியரின் இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் அளவீட்டில் அது உண்மையை மறைத்துவிடும். ஆய்வும் அறமும் ஒன்றையொன்று தழுவ வேண்டுமெனில் முறைமை தேவை என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

ஆய்வுக்கூடத்தின் முடிவு பள்ளிக்கு வந்து சேர அரசியல் உறுதி தேவைப்பட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இலேயே நண்பகல் உணவு வழங்கப்பட்டதாயினும், அதனை மாநிலம் தழுவிய இயக்கமாக்கியவர் விருதுநகரில் பிறந்த காமராசர். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊர்மக்களின் நன்கொடையையும் அரசின் நிதியையும் இணைத்தது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் மாவு முதலியவற்றை வழங்கிற்று. குன்னூரில் ஆராய்ந்த அதே பொருள், கடல் கடந்து வந்து சிற்றூர்ப் பிள்ளைகளின் குவளையில் கரைந்தது.

எனினும் அப்பால் நிலைக்கவில்லை. அது நம் மாட்டின் பாலன்று, அயல்நாட்டின் மிகுதி. கொடுப்பவரின் மிகுதி வற்றினால் பெறுபவரின் குவளையும் வற்றும். இதனை நன்குணர்ந்த வர்கீஸ் குரியன், 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியில் நன்கொடையாக வந்த பால் மாவை இலவசமாக வழங்காமல் பாலாக்கி விற்று, அப்பணத்தால் உழவர் கூட்டுறவுகளைக் கட்டினார். 1981-இல் தமிழ்நாட்டிலும் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் உருவாயிற்று. 1998 வாக்கில் இந்தியா உலகின் முதற்பெரும் பால் உற்பத்தி நாடாயிற்று. ஆனால் கூட்டுறவின் பால் நகரத்தின் நுகர்வோரை நாடிச் சென்றது. பள்ளியின் வாயிலை நாடவில்லை.

1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையே சேர்ந்தது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒன்றெனத் தொடங்கி, 2010-இல் பள்ளி நாள்தோறும் ஒன்றென வளர்ந்தது. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதில் நீர் கலக்கலாம். முட்டையிலோ கலப்படத்துக்கு இடமில்லை, எண்ணிக் கொடுத்துவிடலாம். சத்து எவ்வளவு உயர்ந்ததாயினும் கொண்டு சேர்க்கும் வழி எளிதாக இல்லையேல் அது ஏழையை எட்டாது. பால்கோவாவின் தோற்றத்துக்கும் இதுவே அடிப்படை: கெடும் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து, கெடாமல் வைத்து விற்கும் வழி அது. உற்பத்தியாளனுக்கு அதனால் வருவாய் உண்டு. ஆனால் அது திருவிழாவின் இனிப்பேயன்றிப் பிள்ளையின் அன்றாடப் பாலாகாது.

சிவகாசிப் பகுதிக்கு இச்செய்தி தனிப்பொருள் உடையது. இங்கு தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்கள் உழைத்தது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என அது ஆணையிட்டது. பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு வந்த பிள்ளை அங்கே நிலைத்திருக்க வேண்டுமானால் எழுத்துடன் உணவும் வேண்டும். வீட்டின் கூலியில் ஒரு பங்கை இழந்த பெற்றோருக்குப் பள்ளியின் தட்டே ஈடாக அமைந்தது.

அண்டை மாநிலமான கர்நாடகம் 2013-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 150 மில்லிலிட்டர் பால் வழங்கத் தொடங்கியபோது, தன் கூட்டுறவு இணையத்தில் தேங்கிய பாலையே மாவாக்கிப் பயன்படுத்திற்று. உழவருக்குச் சந்தையும் பிள்ளைக்குச் சத்தும் ஒருங்கே கிடைத்தன. விருதுநகரிலும் இதற்குரிய உறுப்புகள் உள்ளன. 2018 முதல் இது முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்று. அத்திட்டத்தில் உடல்நலமும் ஊட்டமும் முதன்மைக் கூறுகள். 2022-இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் எங்கும் காலை உணவு சமைக்கப்படுகிறது. திருவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவு உள்ளது. பாலைக் கூட்டுறவு தர, பள்ளி வழங்க, உயரத்தையும் எடையையும் கல்லூரி முறையாக அளக்க, ஒரு வட்டாரத்திலேனும் ஓராண்டு சோதனை நடத்தலாம். குன்னூரில் தொடங்கிய வினாவுக்குக் கரிசல் நிலத்துப் பிள்ளைகள் தரும் விடையை, ஊகத்தால் அன்றி அளவுகோலால் அறிவதே அந்த முன்னோடிகளின் உழைப்புக்கு நாம் செய்யும் சரியான மரியாதை.