கல்லில் ஒரு நாய், வாசலில் ஒரு நாய்

ஆசையாய் வளர்த்த நாய் இறந்துவிட்டால், "இனி வேற நாயே வேண்டாம்" என்பார்கள். பரமத்தி வேலூர் பக்கத் தோட்டத்து வீடுகளிலும் இதே பேச்சுதான். இந்தப் பாசத்துக்கு என்ன வயது தெரியுமா? நம் ஊரில் குறைந்தது 1400 ஆண்டுகள்!

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவன் நாயின் உருவமும் உண்டு. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன்.

ஆனால் தெருநாய்க்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சென்னை மாநகராட்சி பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலம் உண்டு. 1959ல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், கொல்லாமல் கருத்தடை செய்யச் சொல்லிப் போராடியது. 1996ல் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. தாயில்லாத குட்டிகளுக்கும் அடிபட்டு மீண்ட நாய்களுக்கும் இன்றும் வீடு தேவைப்படுகிறது.

அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய நாய்க்குத் துரோகமா? கோவிவனுக்குப் பிறகு எத்தனையோ நாய்கள் வந்தன. கல்லில் அவன் பெயர் அழியவில்லையே!