காங்கேசன்துறை உட்கட்டமைப்பு

பண்டமும் பயணியும் மின்சாரமும் நீரும் தடையின்றிச் சென்றுசேர ஒரு நாடு அமைக்கும் அடித்தளமே உட்கட்டமைப்பு. அதன் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதற்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள துறைமுக ஊரான காங்கேசன்துறை தெளிவான சான்று.

இங்கே 1893இல் வெளிச்சவீடு கட்டப்பட்டது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்து கொழும்புடன் தொடர்பு ஏற்பட்டது. 1950இல் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் அருகிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன. ஆலை, பாதை, துறைமுகம் மூன்றும் சேர்ந்தே ஊருக்குத் தொழில் தந்தன.

1990இல் உள்நாட்டுப் போரினால் புகையிரதமும் ஆலையும் நின்றன. இவ்வூர் அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயமான நிலத்தில் வீடுகளும் தோட்டங்களும் பாழடைந்தன. எந்தக் கணக்கிலும் அடங்காத இழப்பு இது.

இந்திய உதவியுடன் மீளமைக்கப்பட்ட பாதையில் 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் வந்தது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்துக்கான பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. சீமெந்து ஆலையில் உற்பத்தி மீளவில்லை.