பொதுக்கல்வியும் மொழித்திறனும்: 1949 முதல் 2022 வரை

முன்னுரை

கல்லூரி மாணவர் எத்துறையைப் பயின்றாலும் பெறவேண்டிய அடிப்படைத் திறன்கள் யாவை என்னும் வினா, விடுதலைக்குப் பிந்தைய இந்திய உயர்கல்வி வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. தெளிவாகச் சிந்தித்தல், சிந்தித்ததை எடுத்துரைத்தல், சான்றுகளைச் சீர்தூக்குதல் என்பன விடைகளாகக் கூறப்பட்டன. இவை மூன்றும் மொழிவழியே அமைவன. ஆயினும், பாடத்திட்ட அமைப்பில் மொழி இவற்றினின்றும் பிரித்தே வைக்கப்பட்டது. இப்பிரிவின் வரலாற்றையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இராதாகிருஷ்ணன் குழு

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தொடக்கத்தில் தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே இயங்கின. தேர்வின் எல்லையே கல்வியின் எல்லையாயிற்று. 1948 நவம்பரில் அமைக்கப்பட்டு, 1949 ஆகஸ்டில் அறிக்கை அளித்த பல்கலைக்கழகக் கல்விக்குழு இந்நிலையை மாற்ற முனைந்தது. ச. இராதாகிருஷ்ணன் தலைமையிலான அக்குழுவில் ஜாகிர் உசேன், மேகநாத சாகா, ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் முதலியோருடன் ஆர்தர் மார்கன், ஜான் டைகர்ட் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இருவரும் இடம்பெற்றனர்.

அக்காலத்தில் அமெரிக்காவில் பொதுக்கல்வி குறித்த விவாதம் வலுப்பெற்றிருந்தது. 1945இல் வெளிவந்த ஹார்வர்டு பல்கலைக்கழக அறிக்கை, திறம்படச் சிந்தித்தல், கருத்தைப் புலப்படுத்தல், பொருத்தமான முடிவுக்கு வருதல், விழுமியங்களைப் பகுத்தறிதல் என நான்கு திறன்களைச் சுட்டி, அவை தனித்தனியே வளர்க்கத்தக்கன அல்ல எனவும் கூறியது. இந்தியக் குழுவும் அறிவியல், மானிடவியற் கலைகள், சமூக அறிவியல் ஆகியவற்றில் பொதுக்கல்வி அனைவர்க்கும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பயிற்றுமொழியை ஆங்கிலத்திலிருந்து இந்திய மொழிகளுக்கு மாற்றவேண்டும் என்பதும் அதன் பரிந்துரையே. எனினும், பாடத்திட்டம் ஓர் அத்தியாயத்திலும் பயிற்றுமொழி வேறோர் அத்தியாயத்திலும் பேசப்பட்டன. எந்தத் திறன் எந்த மொழியில் வளரும் என்னும் வினா இரண்டுக்கும் இடையே தங்கிவிட்டது.

கலைச்சொல்லும் கருத்தாடலும்

1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கியது. 1961இல் நடுவண் அரசு அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. கலைச்சொல்லாக்கமும் பாடநூல் மொழிபெயர்ப்பும் முதன்மைப் பணிகளாயின. இவை இன்றியமையாதன. ஆனால், கலைச்சொல் கருத்துக்குப் பெயர் தரும். கருத்துகளைத் தொடுத்து வாதமாக்கும் பயிற்சியைத் தராது.

சான்றைச் சீர்தூக்கும் திறனை எடுத்துக்கொள்ளலாம். ‘மழை பெய்தது’, ‘மழை பெய்ததாம்’, ‘மழை பெய்திருக்க வேண்டும்’ என்னும் மூன்று தொடர்களும் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பன. முதலாவது கூறுவோர் தாமே பொறுப்பேற்கும் கூற்று. இரண்டாவது பிறர்வாய்க் கேட்டது. மூன்றாவது அடையாளங்களிலிருந்து உய்த்துணர்ந்தது. தமிழ் பேசும் குழந்தையும் இவ்வேறுபாட்டை அறியும். ஆனால், ‘-ஆம்’ ஈறு பேச்சுக்கும் கதைக்கும் உரியதாகக் கருதப்பட்டு ஆய்வுரைநடையில் தவிர்க்கப்படுகிறது. அதன் இடத்தில் ‘என்பர்’, ‘எனக் கருதப்படுகிறது’, ‘எனக் கொள்ளலாம்’ போன்ற வடிவங்கள் வருகின்றன. இவற்றைப் பயிற்றாதவிடத்து, மாணவர் நூலாசிரியர் கூற்றையும் தம் கூற்றையும் வேறுபாடின்றி எழுதுகின்றனர். தாய்மொழிவழிப் பள்ளிக்கல்வி முடித்து ஆங்கிலவழிக் கல்லூரியில் சேர்வோர்க்கு இடர் இருமடங்காகிறது. மொழிவடிவத்தில் உள்ள குறை சிந்தனைக்குறையாக மதிப்பிடப்படுகிறது.

2022ஆம் ஆண்டின் சட்டகம்

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் இளநிலைப் பட்டப்படிப்புக்கான சட்டகத்தை வெளியிட்டது. மூன்றாண்டுப் படிப்பின் 120 மதிப்பலகுகளுள் 8 மொழித்திறனுக்கு உரியன. ஆய்ந்து படித்தலும் விளக்கி எழுதுதலும் அவற்றின் நோக்கங்களாகக் கூறப்பட்டிருப்பது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும், பிற பாடங்களில் எழுதப்படும் விடைகளுக்கும் இப்பயிற்சிக்கும் உள்ள தொடர்பைப் பல்கலைக்கழகங்களே அமைத்தாக வேண்டும். இல்லையேல் பழைய பிரிவு புதிய பெயரில் நீடிக்கும். சட்டகத்தில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படும் ஆற்றலும் செயல்திறனும் தமிழாக்கத்தில் ‘திறன்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதும் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

முடிவுரை

அடிப்படைத் திறன்களின் பட்டியல் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை. அவற்றைத் தாங்கும் மொழிப்பயிற்சி பட்டியலுக்கு வெளியே நின்றதே குறை. சுருக்கி வரைதலும் மொழிபெயர்த்தலும் தேர்வுத்தாளின் சிறு வினாக்களாகவே கருதப்பட்டு வந்தன. ஒரு பத்தியைச் சுருக்குவோர் அதன் மையக்கருத்தைத் துணைக்கருத்தினின்றும் பிரிக்கின்றனர். மொழிபெயர்ப்போர் யார், எந்த அளவு உறுதியுடன் கூறினர் என்பதை முடிவுசெய்கின்றனர். பொதுக்கல்வி நாடும் திறன்கள் இவையே. ஒவ்வொரு துறையின் வகுப்பிலும் இவ்விரு பயிற்சிகளுக்கும் இடமளிப்பது, 1949ஆம் ஆண்டின் இரு அத்தியாயங்களை இணைக்கும் வழியாக அமையும்.